பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, ஆவி, குறளி இதையெல்லாம் நம்புகிற ஆள் நான் இல்லை. இங்கே புவாண்ட்-கிளேர் என்கிற ஊரில் ஒரு கிடங்கில் பதினாறு வருடமாகச் சரக்குச் சரிபார்க்கிற வேலை எனக்கு. பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும், ஸ்கேனரைப் பிடித்து அது 'பீப்' என்று சத்தம் போடும்வரை உள்ளே இருப்பதை நம்பமாட்டேன். கோயிலில் யாராவது உரு வந்து ஆடினால்கூட, இவருக்குச் சீனி இறங்கியிருக்கும், ஒரு சோடா உடைத்துக் கொடுங்கள் என்று சொல்லி ஆட்களிடம் பேச்சு வாங்கியவன். அப்படிப்பட்டவன் இப்போது சொல்லப்போவதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை, என் மகளே சிரித்தவள்தான். ஆனால் நடந்தது நடந்ததுதான். பட்டப்பகலில் நடந்தது, நான் குடித்திருக்கவில்லை, காய்ச்சலும் இல்லை.

நாங்கள் நகரத்துக்குள்ளே பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருபது வருடம் இருந்தவர்கள். அங்கே சூடு என்றால் சுவரோரமாக இருக்கிற மின்சார ஹீட்டர்தான், குமிழைத் திருப்பினால் ஒரு 'டிக்', அவ்வளவோடு வேலை முடிந்தது. மகள் அபி படிப்பதற்கு ஒட்டாவா போனபிறகு, என் வேலைக்குக் கிட்டவாக இருக்கட்டும் என்று புவாண்ட்-கிளேரிலேயே ஒரு பழைய சின்ன வீட்டுக்கு மாறினோம். அந்த வீட்டின் முன்னறையில்தான் அது நின்றது. கறுப்பு இரும்பில், நாலு காலோடு, ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு. முன்னால் கண்ணாடிக் கதவு, முதுகிலிருந்து ஒரு குழாய் எழும்பிக் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. விறகு போட்டு வீட்டைச் சூடாக்குகிற அடுப்பு. வீட்டை விற்றவர்கள் புகைபோக்கி துப்புரவாக்கிய காகிதம், அதை எரிக்கலாம் என்ற காகிதம் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு அடுப்பின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

என் மனைவி புவனா அதை இரண்டு தரம் சுற்றிவந்து பார்த்தாள். "இதில தோசை சுடலாமோ?" என்றுதான் முதலில் கேட்டாள். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிறவள், காலையில் ஏழரைக்கு எலும்பு வரைக்கும் குளிர் ஏறித்தான் வீட்டுக்கு வருவாள். வந்தவுடன் இதன் முன்னால் குந்தலாம் என்ற நினைப்பே அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. எனக்கோ, விறகடுப்புத்தானே, இதில் என்ன பெரிய வித்தை என்ற எண்ணம். பத்து வயதில் ஊரில் அடுப்பு ஊதியவனுக்கு யாரும் நெருப்பு மூட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதல் நாள் விறகை அடுக்கி, அடியில் பேப்பரைத் திணித்துக் கொளுத்தினேன்.

புகை மேலே போகவில்லை. எல்லாம் அறைக்குள் வந்தது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை உறைகுளிர், நாங்கள் அத்தனை ஜன்னலையும் திறந்துவிட்டுக் கோட்டோடு நின்று இருமிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண் வீடு பற்றி எரிகிறது என்று நினைத்து ஓடிவந்தாள். பெயர் பிரிஷித். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், எங்கள் வயதுதான் இருக்கும், கதைக்கிறபோது கையும் சேர்ந்து கதைக்கும். பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து என்னை ஒரு பாட்டம் ஏசிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு நான் படித்ததெல்லாம் தலைகீழ்ப் பாடம். குழாய்க்குள் குளிர்காற்று ஒரு மூடி மாதிரிக் குந்திக்கொண்டிருக்குமாம், முதலில் ஒரு பேப்பரைச் சுருட்டிக் கொளுத்திக் குழாய் வாயில் பிடித்து அதைச் சூடாக்கி மேலே அனுப்ப வேண்டுமாம். பெரிய கட்டைகளை அடியில் வைத்து, சின்னச் சிராய்களை மேலே வைத்து, உச்சியில்தான் நெருப்பு வைக்க வேண்டுமாம். நான் அடியில் கொளுத்துகிற சாதி, அவள் தலையில் கொளுத்துகிறாள். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஒரு துளி புகையில்லாமல் மேலிருந்து கீழே அழகாகப் பிடித்து இறங்கியது. இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பார், 'டங்' என்றால் காய்ந்தது, 'டப்' என்றால் ஈரம் என்றாள். குழாயின் நடுவில் ஒரு கைப்பிடி இருக்கிறது, அதைத் திருப்பினால் உள்ளே ஒரு தட்டு குறுக்கே விழுந்து புகை போகிற வழியை அடைக்கும். அதைக் காட்டி மட்டும் மூன்று தரம் விரலை ஆட்டினாள். நெருப்பு முழுக்கச் செத்துச் சாம்பல் ஆறும்வரை இதை மூடாதே, சுவாலை அடங்கித் தணலாக இருக்கிறபோதுதான் பொல்லாதது, அதிலிருந்து வருகிற நச்சுக்காற்றுக்குப் புகையும் இல்லை மணமும் இல்லை, ஆளை நித்திரையிலேயே கொண்டுபோய்விடும் என்றாள். நான் "வி, வி" என்று, ஓம் ஓம் என்பதை அவள் பாஷையிலேயே சொல்லித் தலையாட்டினேன். தலைதான் ஆடியது.

பிறகு எனக்கு அந்த அடுப்புப் பைத்தியம் பிடித்துவிட்டது. வேலையிடத்தில் மேப்பிள் விறகு நல்லதா பிர்ச் நல்லதா என்று ஆட்களைப் பிடித்துக் கதைப்பேன். காலையில் வெள்ளனவே எழும்பி மூட்டி, புவனா வருகிற நேரத்துக்கு அவளுடைய வீட்டுச் செருப்பை அடுப்புப் பக்கம் வைத்துச் சூடாக்கி வைப்பேன். இருபத்தேழு வருடத்தில் இந்த மனிசன் எனக்குச் செய்த முதல் வேலை இதுதான் என்று அவள் தொலைபேசியில் தன் தங்கைக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. என் பெயர் தவராசா. வேலையிடத்தில் 'தவ்' என்பார்கள், சொந்தக்காரருக்கு நான் ராசன். புவனா கல்யாணமான நாளிலிருந்து ஒரு தரம்கூட என் பெயரை வாயால் சொன்னதில்லை. எங்கள் வயதுப் பெண்கள் கனபேர் அப்படித்தான், ஆனால் இவள் அதில் ஒரு படி மேலே. வங்கியில் தொலைபேசியில் கணவர் பெயர் என்ன என்று கேட்டால், போனை என் கையில் தந்துவிடுவாள். அலுவலகங்களில் என் அட்டையை எடுத்து நீட்டுவாள். எங்கள் மகளே எத்தனையோ தரம் பந்தயம் கட்டிப் பார்த்தாள், ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்றாள், ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு "இஞ்சாருங்கோ"தான். அந்த ஒரு சொல்லில் பசியா, கோபமா, பாசமா, குப்பைப் பையைக் கொண்டுபோய் வைக்க வேண்டுமா என்பதெல்லாம் எனக்கு விளங்கும்.

விளங்கும், ஆனால் போகமாட்டேன். அது என் பழக்கம். முதல் தரம் கூப்பிட்டால் "வாறன்", இரண்டாம் தரம் கூப்பிட்டால் "பொறும், வாறன்". மூன்றாம் தரம் அவள் கூப்பிடுவதில்லை, கரண்டியோடு நேரில் வந்து நிற்பாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, ஒருவித அலட்சியம்தான், எங்கே போய்விடப் போகிறாள் என்கிற அலட்சியம்.

இனி நான் செய்த இரண்டு மடைத்தனத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முன்னறைச் சுவரில் ஒரு அலாரம் இருந்தது, புகைக்கும் நச்சுக்காற்றுக்கும் சேர்த்து ஒன்று. புவனா வருடத்துக்கு நாலைந்து தரம் மிளகாய்த்தூள் வறுப்பாள். கடைத்தூள் அவளுக்குத் தூளே இல்லை, செத்தல் மிளகாயும் மல்லியும் வாங்கிச் சட்டியில் கருகக் கருக வறுத்தால்தான் அது தூள். அவள் வறுக்கத் தொடங்கிய மூன்றாவது நிமிடம் அந்த அலாரம் ஊரைக் கூட்டும். இரண்டு தரம் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறிப் பார்த்தேன். மூன்றாவது தரம் கழற்றி, பேட்டரியை உருவி, அதே துவாயில் சுற்றி இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். தூள் வறுத்து முடிந்ததும் திரும்ப மாட்டலாம் என்றுதான் வைத்தேன். தைப்பொங்கலும் போய்விட்டது, மாட்டவில்லை.

மற்றது அந்த நாளில் செய்தது. மார்ச் மாதம், உறைமழை பெய்த நாள். மழையாக விழுந்து விழுந்த இடத்தில் கண்ணாடியாக இறுகுமே, அந்த மழை. விடியற்காலையிலேயே கரண்ட் போய்விட்டது, கிடங்கும் மூடிவிட்டார்கள். புவனா எப்படியோ ஒருவரின் காரில் தொற்றிக்கொண்டு வேலையால் வந்து சேர்ந்தாள். படுக்கையறை ஐஸ்பெட்டி மாதிரி, அதனால் முன்னறையில் அடுப்பின் முன்னால் சோபாவில் இரண்டு போர்வையோடு படுத்தவள், ஒரு கோப்பை பால் குடித்துவிட்டு நித்திரையாகிவிட்டாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து விறகு போட்டேன். சொன்னால் வெட்கம், ஆனால் அன்றைக்கு எனக்கு நல்ல சந்தோஷம். ஊர் முழுக்கக் குளிரில் நடுங்குகிறது, என் வீட்டில் என் மனைவி நான் மூட்டிய நெருப்பில் கன்னம் சிவக்க நித்திரை கொள்கிறாள்.

மத்தியானம் ஒன்றரை மணியளவில் பார்த்தால் உள்ளே பத்துப் பன்னிரண்டு கட்டைதான் மிச்சம். வீட்டுக்குப் பின்வளவில் இருந்த விறகு முழுக்க ஐஸுக்குள். கரண்ட் இரவுக்கும் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வந்துவிட்டது. அடுப்பில் சுவாலை அடங்கி நல்ல சிவந்த தணல் கிடந்தது. எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ, அம்மா சமையல் முடிந்து தணலைச் சாம்பலால் மூடிவைத்துப் பின்னேரம் கிளறித் தேத்தண்ணி வைப்பாவே, அதே மாதிரிச் செய்வோம் என்று சாம்பலை வாரித் தணலுக்கு மேல் போர்த்தினேன். கதவை இறுக்கினேன். சூடு வீணாகக் கூரைக்குப் போகாமல் இருக்கட்டும் என்று குழாயின் கைப்பிடியையும் திருப்பி அடைத்தேன். பிரிஷித் விரலை ஆட்டியது நினைவுக்கு வராமல் இல்லை, வந்தது. இவளுக்குத் தணலைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். பிறகு அறைக் கதவையும் சாத்தி, கீழே இடுக்கில் ஒரு துணியையும் வைத்து அடைத்துவிட்டு, காரை எடுத்துப்போய் எங்கேயாவது காய்ந்த விறகு வாங்கிவருவோம் என்று சத்தம் போடாமல் வெளியே போனேன். அம்மா சமைத்த குசினிக்கு மூன்று பக்கம்தான் சுவர், கூரை ஓலை. அதை நான் யோசிக்கவில்லை.

வெளியே காரைச் சுற்றி ஒரு விரல் தடிப்புக்கு ஐஸ். பிளாஸ்டிக் சுரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பிரிஷித்தும் தன் காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், நடுவில் ஒரு வேலிதான். மழை விட்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேலே இருக்கும், முன் கண்ணாடி முடிந்து பக்கக் கண்ணாடிக்கு வந்திருந்தேன், அப்போது வீட்டுப் பக்கமிருந்து கேட்டது.

"இஞ்சாருங்கோ."

எழும்பிவிட்டாள், தேத்தண்ணி கேட்கிறாள் என்று நினைத்தேன். "வாறன்" என்று குரல் கொடுத்துவிட்டு என் பாட்டில் சுரண்டினேன். கொஞ்ச நேரம் போயிருக்கும். திரும்பவும், "இஞ்சாருங்கோ." இந்தத் தரம் ஒரு மாதிரி அடைத்த குரல், நித்திரைக் குரலாக்கும், இல்லாவிட்டால் அடுப்புக் கதவைத் திறந்து புகையை விழுங்கிவிட்டாளாக்கும் என்று நினைத்தேன். "பொறும், வாறன்" என்றேன். உண்மையைச் சொன்னால் போகிற எண்ணம் இல்லை, அந்தப் பக்கக் கண்ணாடியை முடிக்க வேண்டும் என்பதுதான் மனதில்.

அப்போதுதான், நம்பினால் நம்புங்கள், என் பெயரைக் கேட்டேன்.

"தவராசா!"

அந்த அடைத்த குரல்தான். புவனாவின் குரல். கத்தவில்லை, கெஞ்சவில்லை, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிடுகிற மாதிரி, முழுப் பெயரும், மரியாதை ஒட்டு ஒன்றும் இல்லாமல். எனக்குச் சுரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. பயத்தில் இல்லை, அப்போது பயமே இல்லை. ஆச்சரியம், அதற்கு மேலே ஒரு கோபம். என்ன துணிவு இவளுக்கு, நடு வளவில் நிற்கிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், இதை இன்றைக்குக் கேட்டே ஆகவேண்டும் என்று விறுவிறென்று உள்ளே போனேன். சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

அறைக் கதவைத் தள்ளினேன். துணி சிக்கித் திறக்க மறுத்தது, தோளால் இடித்தேன். "என்னப்பா, பேர் சொல்லிக் கூப்பிடுறீர்?" என்று கேட்டுக்கொண்டேதான் போனேன். புவனா நான் விட்டுப்போன மாதிரியே கிடந்தாள். அதே பக்கமாகத் திரும்பி, அதே போர்வை, கை அதே மாதிரிக் கன்னத்துக்குக் கீழே. முகம் நல்ல சிவப்பு. அடுப்பில் புகையில்லை, மணமில்லை, அறை கதகதவென்று இருந்தது. "புவனா" என்றேன், தட்டினேன், தலை பொம்மைத் தலை மாதிரி மறுபக்கம் விழுந்தது. அந்த நேரம்தான் பிரிஷித்தின் விரல் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அவளை எப்படித் தூக்கினேன் என்று தெரியாது. எனக்கு முதுகு வருத்தம், கிடங்கில்கூடப் பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். போர்வையோடு கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டு வாசல் படியில் ஐஸுக்கு மேலேயே கிடத்தினேன். நான் போட்ட கூச்சலில் பிரிஷித் வேலியைத் தாண்டி வந்தாள். வந்தவுடன் அவளுக்கு விளங்கிவிட்டது, தன் கோட்டைக் கழற்றி இவளுக்குப் போட்டுவிட்டு ஆம்புலன்சுக்கு அடித்தாள். நான் புவனாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கதைத்துக்கொண்டே இருந்தேன். என்ன கதைத்தேன் என்று கேட்காதீர்கள். இனி முதல் தரமே வருவேன், முதல் தரமே வருவேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிறகுதான் நினைவு வந்தது.

ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, ஒரு யுகம். பிறகு அவள் இருமினாள், குடித்த பாலை வாந்தி எடுத்தாள், கண் பாதி திறந்தது. திறந்த கண் என் காலில்தான் விழுந்தது.

"சப்பாத்தோட... உள்ள வந்தனீங்களோ?"

நான் அழுதேன். பிரிஷித்துக்கு அவள் கேட்டது விளங்கவில்லை, ஆனால் அவளும் அழுதாள்.

ஆம்புலன்ஸ் வந்து முகமூடி போட்டு அவளைக் கொண்டுபோனார்கள். தீயணைப்புக்காரர் ஒருவர் கையில் ஒரு கருவியோடு அறைக்குள் போனார், போன வேகத்திலேயே அது அலறியது. அலாரம் எங்கே என்று கேட்டார். நான் இழுப்பறையைத் திறந்து, துவாயை அவிழ்த்து, அதை எடுத்துக் காட்டினேன். அவர் அதைத் திரும்ப என் கையிலேயே வைத்துவிட்டு ஜன்னல்களைத் திறக்கப் போனார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் இரத்தத்தைப் பார்த்துவிட்டு டொக்டர் சொன்னார், நீங்கள் தூக்கும்போது இவர் நினைவிழந்து குறைந்தது அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இன்னும் பத்து, பதினைந்து நிமிடம் போயிருந்தால் கதை வேறு என்று. இல்லை டொக்டர், நான் உள்ளே போக ஐந்து நிமிடத்துக்கு முதல்தானே என்னைக் கூப்பிட்டாள் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாய்ப்பில்லை என்றார்.

அன்று பின்னேரம் புவனா தெளிந்து, கட்டிலில் சாய்ந்திருந்து ஜெல்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன். "நீர்தானே என்னைக் கூப்பிட்டனீர்?"

"நான் கூப்பிடேல்லை. பால் குடிச்சது ஞாபகம், பேந்து உங்கட சப்பாத்துத்தான் ஞாபகம்."

"மூண்டு தரம் கேட்டது. கடைசியா என்ரை பேரைச் சொன்னனீர்."

அவள் கரண்டியை வைத்துவிட்டாள். சாவு பக்கத்தில் வந்துபோனதுக்குக்கூட அப்படி முகம் மாறவில்லை. "ஐயோ, பேரையோ? பக்கத்து வீட்டு மனுசிக்கும் கேட்டிருக்குமே?" என்றாள். பிறகு ஜெல்லிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் கூப்பிட்டு நீங்கள் எப்ப வந்தனீங்கள்? அது நானா இருக்காது" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஏறிக் குத்தியது, இன்றைக்கும் அந்த இடம் நோகிறது.

பக்கத்து வீட்டு மனுசியிடமும் கேட்டேன். பிரிஷித்துக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லையாம். என்னைவிட எங்கள் ஜன்னலுக்குக் கிட்ட நின்றவள் அவள். நீ உன் மொழியில் இரண்டு தரம் யாருக்கோ பதில் சொன்னாய், காதில் கருவி மாட்டிப் போனில் கதைக்கிறாய் என்று நினைத்தேன் என்றாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எங்கள் ஜன்னல்கள் இரட்டைக் கண்ணாடி. அறைக் கதவு சாத்தி, துணியும் அடைத்திருந்தேன். உள்ளே டிவி அலறினாலும் வெளியே கேட்காது, நாங்கள் பிறகு வைத்தே பார்த்தோம்.

மகள் அபி விஞ்ஞானம் படிக்கிறவள். "அப்பா, நீங்களும் காலையில இருந்து அந்தக் காத்தைத்தானே சுவாசிச்சனீங்கள், மூளை அப்பிடிக் கேக்க வைக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். இருக்கலாம். காலையில் புகை போகிற வழி திறந்திருந்தது, நான் அடைத்துவிட்டு நல்ல காற்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன், ஆனாலும் இருக்கலாம். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். ஸ்கேனரை நம்புகிறவனுக்கு அதுதான் வசதி.

அதற்குப் பிறகு அந்த அடுப்பை முறையாகப் படித்தேன். பிரிஷித் இரண்டாம் தரம் வந்து, முதல் பாடத்திலிருந்து தொடங்கினாள், இந்தத் தரம் புவனாவும் கூட இருந்து கேள்வி கேட்டாள். இப்போது வீட்டில் மூன்று அலாரம். மிளகாய்த்தூள் கராஜில் வைத்துத்தான் வறுக்கிறோம், தெரு முழுக்கத் தும்மினாலும் சரி. அவள் கூப்பிட்டால் முதல் தரமே எழும்பிப் போகிறேன். ஆரம்பத்தில் அவளுக்கே சந்தேகம், எதையாவது உடைத்துவிட்டீர்களோ என்று கேட்பாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் மகள் சொன்னதையே உங்களுக்குச் சொல்லிவிட்டு இருந்திருப்பேன்.

அடுத்த வருடம் கோடை முடிய, புவனாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. தைராய்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று வெட்டி எடுத்தார்கள், பயப்படவும் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் குரல் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, அடைத்த குரலாகிவிட்டது. சில எழுத்துகளில் அப்படியே காற்றாகப் போய், பிறகு வந்து பிடிக்கும். குரல் நரம்பு களைத்திருக்கிறது, ஒரு வருடத்தில் வரலாம் என்றார்கள், வரவில்லை. பாட்டுக் கேட்டால் கூடவே முணுமுணுக்கிறவள், இப்போது உதட்டை மட்டும் அசைக்கிறாள். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் சட்டியில் கரண்டியால் தட்டுவாள். நான் பழகிவிட்டேன். அந்தக் குரல் இப்போது எனக்குப் பழைய குரலைவிடப் பிடிக்கும், ஏனென்றால் அதைக் கேட்கக் கிட்டப் போய் இருக்க வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு முடிந்து அடுப்பின் முன்னால் இருந்தோம். வெளியே நல்ல வெயில், பனி கண்ணைக் கூசியது. அவள் தோடம்பழம் உரித்துத் தந்துகொண்டிருந்தாள். நான் எத்தனையோ தரம் கேட்டதைத் திரும்பவும் கேட்டேன், ஒருக்கா என்ரை பேரைச் சொல்லும், அண்டைக்குக் கேட்டது உம்மட குரல்தானோ எண்டு பாப்பம் என்று.

"உங்களுக்கு விசரே?" என்றாள். வழக்கமாக அதோடு முடிந்துவிடும். அன்றைக்கு என்ன நினைத்தாளோ, தோடம்பழத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு, "சரி, ஒருக்காத்தான். அங்கால திரும்பி இருங்கோ, நான் சொல்லேக்க என்ரை முகத்தைப் பாக்கக்கூடாது" என்றாள்.

நான் அடுப்புப் பக்கம் திரும்பி இருந்தேன். பின்னால் அவள் சிரித்தாள், தொண்டையைச் செருமினாள், திரும்பவும் சிரித்தாள். ஐம்பது வயதுப் பெண் புதுப்பெண் மாதிரி வெட்கப்படுகிறாள் என்று எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு மூச்சை இழுத்துச் சொன்னாள்.

"தவராசா!"

என் சிரிப்பு நின்றுவிட்டது. 'வ'வில் காற்றாகப் போய், 'ரா'வில் வந்து பிடித்தது. நான் வளவில் ஐஸ் சுரண்டிக்கொண்டு நின்றபோது கேட்ட குரல் அதுதான், ஒரு இம்மி மாற்றமில்லை. புகை என்று நான் நினைத்த அடைப்பு புகை இல்லை.

"என்ன, இந்தக் குரல்தானோ?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டாள்.

"இல்லை. அது வேற மாதிரி" என்றேன்.

"நான் சொன்னனானெல்லே" என்றாள், பெரிய நிம்மதி அவளுக்கு, எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். நான் உடனே திரும்பவில்லை, முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

உங்களுக்கு மட்டும்தான் இதைச் சொல்கிறேன், அவளிடம் சொல்லவில்லை. அந்த உறைமழை நாளில் அவளிடம் அந்தக் குரல் கிடையாது. அது அவளுக்கு வர இன்னும் ஒன்றரை வருடம் கிடந்தது. அன்றைக்கு நான் அந்தப் பக்கக் கண்ணாடியை முடித்துவிட்டுப் போயிருந்தால், அவளுக்கு அது வந்தே இருக்காது.